கொல்லும் அழகியர்: பிரிட்டிஷ் திகில் படங்களின் மூன்று கிளைகள்

அழகால் ஈர்த்து ஆளைக் கொல்லும் பெண் பிரிட்டிஷ் திரைக்கு இலக்கியத்திலிருந்து வந்தவள். கோல்ரிட்ஜ் 1816-இல் முற்றுப்பெறாமலே வெளியிட்ட ‘கிறிஸ்டபெல்’, கீட்ஸின் ‘லேமியா’, டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1872-இல் நூலாக்கிய ‘கார்மில்லா’ ஆகியவை அவளுக்குப் பிறந்த வீடு. வயது வந்தோருக்கான ‘எக்ஸ்’ சான்றிதழைத் தணிக்கை வாரியம் 1951-இல் கொண்டுவந்த பிறகு, திரை அவளுக்குப் புகுந்த வீடாயிற்று.

அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த இவ்வகைப் படங்களை மூன்று கிளைகளாகப் பிரிக்கலாம். மூன்றையும் எடைபோட ஒரே கேள்வி போதும்: இவளை இப்படி ஆக்கியவர் யார், அதைப் படம் மறைக்காமல் சொல்கிறதா?

விலங்காகும் மகள்

முதல் கிளையில் பெண்ணுக்குள் ஒரு விலங்கு குடியிருக்கும். அதைக் குடியேற்றியவர் பெரும்பாலும் குடும்பத்து ஆண்தான். ‘கேட் கேர்ள்’ (1957) படத்தில் பெரியவர் ஒருவரின் குலச் சாபம் பார்பரா ஷெல்லியின் தலையில் இறங்குகிறது. சிட்னி ஃப்யூரி இயக்கிய ‘தி ஸ்னேக் வுமன்’ (1961) படத்தில், மனைவியின் மனநோய்க்கு மருந்தென்று பாம்பு நஞ்சைச் செலுத்துகிறார் ஓர் ஆராய்ச்சியாளர். பிறக்கும் மகளின் உடம்பில் சூடே இல்லை. டைகன் நிறுவனத்தின் ‘தி பிளட் பீஸ்ட் டெரர்’ (1968) படத்தில் பூச்சியியல் பேராசிரியரின் மகள் இரவில் ராட்சத அந்துப்பூச்சியாகி ஆண்களின் ரத்தத்தைக் குடிக்கிறாள். பீட்டர் குஷிங்கும் வாண்டா வென்தமும் நடித்தும் அந்துப்பூச்சி வேஷத்தைக் கண்டால் சிரிப்புதான் வரும். முடிவில் அவள் விட்டிலாகவே தீயில் விழுகிறாள்.

இக்கிளையின் உச்சம் ஹாமர் நிறுவனத்துக்காக ஜான் கில்லிங் இயக்கிய ‘தி ரெப்டைல்’ (1966). கதை நடப்பது கார்ன்வால் கிராமத்தில். படம் பிடித்தது பிரே ஸ்டூடியோவின் பின்புறத் திடலில், ‘தி பிளேக் ஆஃப் தி ஸோம்பீஸ்’ படத்துக்குப் போட்ட அதே செட்டில். டாக்டர் ஃபிராங்க்ளின் போர்னியோவின் நாக வழிபாட்டு இரகசியங்களைத் துருவியவர். அதற்குத் தண்டனை அவருக்குக் கிடைக்கவில்லை, மகள் அன்னாவுக்குக் கிடைத்தது. விருந்தினர் முன் அன்னா சிதார் வாசிக்கும் காட்சி படத்தின் உயிர். தந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வேகம் கூட்டிக்கொண்டே போகிறாள். பொறுக்கமாட்டாத தந்தை வாத்தியத்தைப் பிடுங்கி உடைக்கிறார். ஒரு சொல் இல்லாமல் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடுகிறது. அன்னாவாக வரும் ஜாக்குலின் பியர்ஸுக்கு வசனம் குறைவு. அச்சத்தையும் வன்மத்தையும் கண்ணாலேயே காட்டிவிடுகிறார்.

படத்துக்குக் குறையும் உண்டு. மலாய்க்காரராக வரும் மார்ன் மெயிட்லண்ட் கல்கத்தாவில் பிறந்தவர். போர்னியோக் கதையில் சிதார் ஒலிக்கிறது. கீழைத் தேசம் முழுவதும் ஒரே ஊர் என்ற எண்ணம் பேரரசு விட்டுச்சென்ற பழக்கம். ஆனாலும், அங்கே போய்க் கைவைத்த ஆங்கிலேயரைப் படம் நிரபராதியாக்கவில்லை.

தன்னை அறியாதவள்

இரண்டாம் கிளையில் படங்கள் சொற்பம். டெரன்ஸ் ஃபிஷரின் ‘தி கோர்கன்’ (1964) ஒன்றே அதற்குப் பெருமை. பௌர்ணமியில் தான் என்னவாகிறோம் என்று நாயகி கார்லாவுக்கே தெரியாது. தெரிந்த மருத்துவர், அவள் மேல் கொண்ட ஆசையால் ஊரிடமும் அவளிடமும் மறைக்கிறார். அவளைப் பார்த்தவர்கள் கல்லாகிக்கொண்டே போகிறார்கள். கார்லாவாக பார்பரா ஷெல்லி, கோர்கனாக ப்ரூடன்ஸ் ஹைமன். தலையில் ஆடும் பாம்புகள் பொம்மை என்பது பளிச்சென்று தெரிந்தாலும், மருத்துவராக வரும் குஷிங்கின் குற்ற முகம் படத்தைத் தாங்குகிறது.

விரும்பிக் கொல்பவள்

‘எக்ஸ்’ படத்துக்கான வயது 1970-இல் 16-இலிருந்து 18 ஆனது. அவ்வாண்டே ‘கார்மில்லா’வைத் தழுவி, ராய் வார்ட் பேக்கர் இயக்கத்தில் ‘தி வாம்பயர் லவ்வர்ஸ்’ வந்தது. இன்கிரிட் பிட்டின் கார்மில்லா யாருடைய சோதனைப் பொருளும் அல்ல; பசியும் காதலும் அவளுடையவை. தன் இரையான எம்மாவிடம் காட்டும் அன்பு வேஷமாகத் தோன்றாததே பிட்டின் சாதனை. அடுத்து வந்த ‘லஸ்ட் ஃபார் எ வாம்பயர்’ (1971) ஆடைக் குறைப்பை நம்பியது. காதல் காட்சியின் நடுவே பாப் பாட்டு ஒன்றைப் போட்டுத் திகிலைக் கெடுத்துக்கொண்டது. அதே ஆண்டின் ‘ட்வின்ஸ் ஆஃப் ஈவில்’ மானம் காத்தது. சூனியக்காரிகள் என்று அப்பாவிப் பெண்களை எரிக்கும், இரட்டைச் சகோதரிகளின் சித்தப்பாவாக குஷிங் வந்ததும், பழைய கேள்வி மறுபடி எழுந்தது.

தரம் எது?

அட்டைப் பாம்பும் துணி அந்துப்பூச்சியும் இப்படங்களின் தரத்தைத் தீர்மானிக்கவில்லை. பணம் எல்லோருக்குமே குறைவுதான். அழகியைக் காட்டிப் பயமுறுத்துவதோடு நின்ற படங்கள் அந்தப் பயம் தணிந்ததும் மறந்துபோயின. பயமுறுத்திய பிறகு பார்வையாளரைத் தந்தை, மருத்துவர், சித்தப்பா பக்கம் திருப்பியவை நிலைத்தன. ‘ரெப்டைல்’, ‘கோர்கன்’, ‘ட்வின்ஸ் ஆஃப் ஈவில்’ என்ற வரிசையில் பார்க்கத் தொடங்குபவருக்கு மற்றவற்றின் தரம் தானே விளங்கும்.