எதை எடுக்காமல் விடுவது?

வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் அவதரித்த கூரத்தைச் சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், காஞ்சிபுரத்தில் பட்டெடுக்காமல் ஊர் போவது அபூர்வம். கடைக்காரர் புடவைகளைப் பிரித்துப் போடப் போட, எதை விடுவது என்று தெரிந்திருந்தால்தான் மனசு நிதானப்படும்.

முதலில் புடவையைப் புரட்டிப் பின்பக்கம் பாருங்கள். கோர்வை என்னும் நெசவில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. கரை நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இரு நிற ஊடைகளும் கோத்துக்கொள்ளும் இடம் விரலுக்குத் தட்டுப்படும். அந்தத் தடிப்புதான் எனக்குப் புடவையின் உயிர். அது இல்லாததற்குக் கோர்வை விலை சொன்னால் எழுந்துவிடலாம்.

அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். சில்க் மார்க் முத்திரை பட்டுக்குத்தான் உறுதி, சரிகைக்கு அல்ல. வெள்ளைப் பாலியெஸ்டர் இழை எட்டிப் பார்த்தால், நிறம் எவ்வளவு மயக்கினாலும் அந்தப் புடவையை மடித்து வைக்கச் சொல்லுங்கள்.