கறுப்பு உடைக்குள் ஒரு மௌத்து

அஸ்கர் பர்ஹாதியின் 'ஒரு பிரிவு' (2011) திரைப்படத்தை ஒரு விவாகரத்துக் கதையாகவே நம்மில் பலர் பேசி வந்திருக்கிறோம். பெர்லினில் தங்கக் கரடியையும் 2012இல் ஒஸ்காரையும் வென்ற இந்த ஈரானியப் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, எனக்கு அது வேறு படமாகத் தெரிந்தது. மறதிநோய் கண்ட ஒரு வாப்பாவும் அவரைப் பார்த்துக்கொள்வோரும்தான் அதன் நடுவில் இருக்கிறார்கள்.

சீமின் வெளிநாடு போக விரும்புகிறாள். அல்சைமர் நோயாளியான தகப்பனை விட்டுவர நாதிர் மறுக்கிறான். நீ மகன் என்பதே அவருக்குத் தெரியாதே என்று அவள் வாதிட, அவர் தகப்பன் என்பது தனக்குத் தெரியும் என்கிறான் அவன். நமது பயான் மேடைகளுக்கு இந்தப் பதில் போதும். பர்ஹாதிக்குப் போதவில்லை. அந்தப் பதிலுக்குரிய வேலையை யார் செய்வது என்று அவர் கேட்கிறார். சீமின் தாய்வீடு போனதும் ராஸியா கூலிக்கு வருகிறாள். அவள் ஏழை, கர்ப்பிணி, மார்க்கப் பற்றுள்ளவள்.

கிழவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். அந்நிய ஆணைச் சுத்தம் செய்வது பாவமாகுமா என்று ராஸியா தொலைபேசியில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறாள். அனுமதி கிடைக்கிறது. தொலைபேசியை வைத்த பின் அவளோடு நிற்பது அவளது சின்ன மகள் மட்டுமே. வாப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று அந்தப் பிள்ளைதான் உம்மாவுக்குத் தைரியம் சொல்கிறது. தீர்ப்புச் சொல்ல ஆள் உண்டு, கைகொடுக்க ஆள் இல்லை. பராமரிப்போரின் தனிமையை இவ்வளவு எளிமையாகக் காட்டிய இன்னொரு காட்சியை நான் கண்டதில்லை.

அதே ராஸியா பிறகு கிழவரின் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டு வெளியே போகிறாள். நாம் ஆத்திரப்படுகிறோம். வீதிக்குப் போய்விட்ட அதே கிழவரைக் காக்கப் போய் அவள் வாகனத்தில் அடிபட்டிருந்தாள் என்பது வெகுநேரம் கழித்தே நமக்குத் தெரிகிறது. தியாகி ஒருவர், கொடியவர் ஒருவர் என்று பிரித்துப் பார்க்கும் நமது பழக்கம் அவ்விடத்தில் தோற்றுப்போகிறது. அவளிடம் இரக்கம் இருந்தது. அவளுக்குப் பதிலாக நிற்க ஒருவர் இருக்கவில்லை.

தகப்பனைக் குளிப்பாட்டும்போது நாதிர் அவர் மீது சாய்ந்து குலுங்கி அழுகிறான். உயிரோடு இருப்பவருக்காக அழும் அழுகை அது. இறுதியில் நீதிமன்றத்தில் மூவரும் கறுப்பு உடையில் நிற்கிறார்கள். கிழவர் மௌத்தாகிவிட்டார் என்று நாமே ஊகித்துக்கொள்கிறோம். அதுபற்றி ஒரு வசனமும் இல்லை. துக்கம் முன்னரே நடந்து முடிந்துவிட்டது என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனாலும் படத்தின் குறையும் அங்கேயே இருக்கிறது. சோற்றை விழுங்க மறந்த தொண்டை, நெஞ்சில் கட்டும் சளி, நிமோனியா என்று இந்நோயின் கடைசி மாதங்கள் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பராமரித்தவரின் வெறுமையும் அப்படித்தான்.

நமது சிறுகதைகளில் இந்த இரண்டு பகுதிகளுமே இல்லை. நான் வாசித்தவரை, மறதி கண்ட உம்மா ஒன்றில் சிரிப்பூட்டுகிறார், அல்லது பிள்ளைகளின் நன்றிகெட்டதனத்துக்குச் சாட்சியாகிறார். பார்த்துக்கொண்ட மகள் தேத்தண்ணீர் கொண்டுவரும் பாத்திரம் மட்டுமே. உலகில் மறதிநோயாளருக்கு உறவினர் கொடுக்கும் பராமரிப்பு நேரத்தில் சுமார் 70 வீதம் பெண்களுடையது என உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவ்வளவு நேரமும் நமது கதைகளில் எங்கே போயிற்று?

எங்கள் உம்மாவை ஆறு வருடங்கள் பார்த்தது ராத்தாதான். ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்கள், "இனி நிம்மதியாத் தூங்கலாம் மகள்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். மகளுக்கு மார்க்கத்தில் துக்கம் காக்கும் எல்லை மூன்று நாட்கள். ராத்தாவின் துக்கமோ, உம்மா அவரைப் பெயர் மாற்றிக் கூப்பிட்ட அன்றே தொடங்கிவிட்டது. கத்தம் முடிந்து பல நாட்களுக்குப் பிறகு ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அல்லாஹ் எடுத்துக்கட்டும் எண்டு நான் துஆக் கேட்டேனே தம்பி."

பெற்றோரைச் 'சீ' என்றும் சொல்லாதீர்கள் என்ற ஸூரத்துல் இஸ்ராவின் கட்டளை நமது மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. ஒலிக்கத்தான் வேண்டும். அறிந்திருந்த பின் எதையும் அறியாத தள்ளாத வயதுக்குச் சிலர் திருப்பப்படுவதை ஸூரத்துந் நஹ்லின் 70ஆம் வசனம் சொல்கிறது. அந்த வயதோடு ஒரே அறையில் இரவு முழுவதும் விழித்திருப்பவரைப் பற்றி யார் பேசுவது?

அதை எழுத்தாளர்தான் பேச வேண்டும் என்பது எனது எண்ணம். ராத்தா சொன்ன அந்த ஒரு வரியை, குற்றம் சாட்டாமலும் புனிதமாக்காமலும் ஒரு கதை நமக்குச் சொல்லட்டும். அதை வாசிக்கும் இன்னொரு ராத்தா, இது தனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று அறிவார். இரவில் மாறி விழித்திருக்க ஒருவர் வேண்டும் என்பது அவரது தம்பிமாருக்கும் அப்போதாவது உறைக்கலாம். எனக்கு அது பிந்தித்தான் உறைத்தது.