பால்வாடிக்கு இன்னோர் ஆள்

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றில் 49,499 முதன்மை மையங்கள், 4,940 குறு மையங்கள். இந்தக் கணக்கை அரசு பெருமையோடு சொல்கிறது. பெருமைப்படக் காரணமும் இருக்கிறது. ஆனால் கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தில், செஞ்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஏதாவது ஓர் ஊர் பால்வாடியில் காலை பதினொரு மணிக்குப் போய் நின்று பாருங்கள். அடுப்பு எரியும், முட்டை வேகும். சுவரில் யானையும் மாம்பழமும் வரைந்திருக்கும். மூலையில் எடை பார்க்கும் கருவி இருக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லவேண்டிய டீச்சர் மட்டும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் சிக்னல் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். ஊர் வழக்கில் டீச்சர், ஆயா. ஆயா வந்ததும் பெருக்கி, தண்ணீர் பிடித்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, சமைத்து, ஊட்டி, கழுவிவிட்டுத் தூங்க வைக்கவேண்டும். டீச்சரின் வேலைப்பட்டியல் அதைவிட நீளம். வருகைப் பதிவு, அரிசி பருப்பு எண்ணெய் முட்டை இருப்புக் கணக்கு, மாதாந்திர எடை, உயரம், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தடுப்பூசி நாளில் நர்ஸம்மாவுக்கு உதவி, சொட்டு மருந்து முகாம், வீடு தேடிப் போய் ஆலோசனை. 2021 முதல் இவற்றில் பெரும்பகுதி போஷன் டிராக்கர் செயலியிலும் ஏறவேண்டும். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் செயலி சரிபார்க்கவேண்டும் என்றார்கள். அதற்கான ஓடிபி போய்ச் சேரும் கைபேசி எண்ணோ பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் கணவருடையதாக இருக்கும். தேர்தல் வந்தால் பல டீச்சர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோதும் படிவக் கட்டோடு தெருத்தெருவாக அலைந்தவர்களில் இவர்கள் உண்டு. குறு மையம் என்றால் ஆயா கிடையாது. கரண்டியும் டீச்சர் கையில்தான்.

இவ்வளவுக்கும் நடுவே சோறு தவறுவதில்லை. இதை லேசாகச் சொல்லிக் கடந்துபோகக் கூடாது. முட்டை கொடுக்கலாமா கூடாதா என்று சில மாநிலங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இங்கே இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை. மற்ற நாட்களில் பயறோ உருளைக்கிழங்கோ. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதலான குழந்தைகளையும் சேர்த்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் வேலையில் முன்னுரிமை கிடைத்தது. அன்று கேலி பேசிய பொருளாதார நிபுணர்கள் பின்னாளில் வாயை மூடிக்கொண்டார்கள். ஆட்சி எத்தனை முறை மாறினாலும் அந்த அடுப்பை அணைக்க எவருக்கும் துணிவு வரவில்லை.

அடுப்பைச் சுற்றி வளர்ந்த அமைப்பு என்பதால் அதன் பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது. சத்துணவுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1980இல், உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளே அதன் இலக்கு. மாதாமாதம் எடை போட்டு, ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை என்பது அதன் முறை. வளர்ச்சி தடைபடுவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் எடை ஏறாத எட்டு மாதக் குழந்தையைப் படம் பிடித்துச் சுவரொட்டி அடிக்க முடியுமா? தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாலு வயதுப் பிள்ளைகளைப் படம் பிடிக்கலாம். அரசியலின் கண் தட்டின் பக்கம் போனது. 1990களின் இறுதியில் ஊட்டச்சத்துத் திட்டம் அங்கன்வாடித் திட்டத்துக்குள் கரைந்தது.

விளைவைத் தேசியக் குடும்பநல ஆய்வில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நான்காம் ஆய்வில் 27.1 விழுக்காடு, 2019-21இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் 25. நாட்டின் சராசரியைவிட நல்ல நிலைதான், ஆனாலும் நாலில் ஒரு குழந்தை. அதே இடைவெளியில் குழந்தைகளின் இரத்தசோகை 50.7இலிருந்து 57.4 ஆக ஏறியது. கடுமையாக மெலிந்த குழந்தைகளைத் தேடிப்பிடித்துத் தாய்க்கும் சேர்த்து உணவு கொடுக்கும் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தை 2022 மே மாதம் உதகமண்டலத்தில் தொடங்கியது, நாற்பது ஆண்டு கழித்துப் பழைய வழிக்குத் திரும்பிய முயற்சி. நல்ல முயற்சி. ஆனால் அந்த வீட்டுக்கு நடந்து போய், மாமியாரையும் உட்காரவைத்துப் பேசவேண்டியவர் அதே டீச்சர்தான்.

இனி படிப்புப் பக்கம். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டம் மையங்களுக்கு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பொருள். அதையொட்டிப் பாட்டு, கதை, மண்ணில் விளையாட்டு, வண்ணம், எண்ணிப் பார்த்தல். மூன்று வயதுப் பிள்ளையின் விரலில் பென்சிலைத் திணிக்காத, யோசித்து எழுதப்பட்ட திட்டம். கீழ்பென்னாத்தூர் கடைத்தெரு வழியாகக் காலையில் மஞ்சள் வேன்கள் அள்ளிப்போகும் பிள்ளைகள் நாலுகோடு நோட்டில் ஏபிசிடி எழுதிக் கை வலித்து வருவதைவிட இது எவ்வளவோ மேல். தாளில் மேல். நடைமுறையில் பாட்டு நேரம் கணக்கு எழுதும் நேரத்துக்குள் கரைந்துவிடுகிறது. “அதுங்க அங்க போயி என்னாத்த படிக்கப் போவுது, சோறு துன்னுட்டுத் தூங்கி வந்தா போதும்” என்று திண்ணையில் கிழவி சொல்வது அலட்சியத்தால் அல்ல. பார்த்ததைச் சொல்கிறார்.

கடன் வாங்கியாவது நர்சரிக்குப் பணம் கட்டும் பெற்றோரை ஆங்கில மோகம் என்று எழுதித் தள்ளுவது நம் பத்திரிகை வழக்கம். மோகம் கொஞ்சம் உண்டு. ஆனால் அவர்கள் முதலில் விலைக்கு வாங்குவது, பிள்ளைகளோடு மட்டும் உட்கார்ந்திருக்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளி எல்கேஜிக்குப் போகும் பிள்ளைக்கு அரசே கட்டணம் கொடுக்கிறது. அதே அரசு தன் பால்வாடியைப் பள்ளியாகக் கருதத் தயங்குவதுதான் வேடிக்கை.

ஒரேயடியாகத் தயங்கியது என்றும் சொல்ல முடியாது. 2019 ஜனவரியில் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். வேன் செலவில்லை, அதே வளாகத்தில் அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு, யோசனையில் குற்றமில்லை. நிறைவேற்றிய விதத்தில்தான் கோளாறு. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்கள் அதைப் பதவியிறக்கமாகக் கருதி நீதிமன்றம் போனார்கள். சிறு பிள்ளைகளைக் கையாள அவர்களுக்குத் தனிப்பயிற்சி இருந்ததில்லை. 2022 ஜூனில் ஆசிரியர்களைத் திரும்ப அழைத்து வகுப்புகளை அங்கன்வாடியிடமே விடப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வகுப்பு தொடரும் என்றார்கள். தற்காலிக ஆசிரியர்களுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் கூலிக்குப் போனால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

மற்ற 52,000 மையங்களுக்கு அதுவும் இல்லை. இத்தனைக்கும், இன்னோர் ஆள் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் அலெகான்ட்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் இங்கே நாலு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு வேலை ஒன்றே: பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பதினெட்டு மாதத்தில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்தன. பாடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதால் பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மாரிடம் பேசவும் பொழுது கிடைத்தது. ஒரே ஆளை நியமித்ததில் இரண்டு பிரச்சினைகள் தளர்ந்தன.

பதினெட்டு மாத முன்னேற்றம் பத்து வயதில் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. அரைநாள், குறைந்த சம்பளம் என்ற ஏற்பாட்டை அரசு அப்படியே பிடித்துக்கொண்டால் இன்னொரு தொகுப்பூதியக் கூட்டம் உருவாகும் என்ற அச்சமும் நியாயமானது. ஆயினும் மேடைதோறும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்கப் பெர்ரி பாலர் பள்ளிக் கணக்கைவிட இது நமக்கு நெருக்கமான சான்று. போட்ட ஒரு டாலர் பல டாலராகத் திரும்பியது என்று சொல்கிறவர்கள், 1962இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஆசிரியர் ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான் என்பதையும், ஆசிரியர் வாரம் தவறாமல் வீட்டுக்குப் போனார் என்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குச் செய்தது அவ்வளவு குறைவு. சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும். தாய் வயலுக்குப் போனால் குழந்தை வேப்பமரத்துத் தூளியிலோ ஏழு வயது அக்காவின் இடுப்பிலோ இருக்கும். வேலையிடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தால் பெண் ஒருவரைப் பார்த்துக்கொள்ள விடவேண்டும் என்று நூறுநாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தார்கள். அது நடப்பதைப் பார்ப்பது அபூர்வம்.

சம்பள விஷயத்தில் தமிழ்நாடு பல மாநிலங்களைவிட மேல். மத்திய அரசு 2018 முதல் தரும் மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250. இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. அதனால்தான் இந்த வேலைக்கு இன்றும் போட்டி இருக்கிறது. ஆனால் காலியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டு, ஒரே டீச்சர் இரண்டு மையங்களைப் பார்த்துக்கொண்ட நிலையும் இங்கேதான். 2025இல் 7,783 இடங்களை நிரப்ப அனுமதித்தார்கள். அத்தனையும் பழைய பள்ளம் நிரப்பும் வேலை; கூடுதல் ஆள் ஒருவரும் அதில் இல்லை.

காசில்லை என்ற பதில் எடுபடாது. முதன்மை மையம் ஒவ்வொன்றுக்கும் மாதம் 10,000 ரூபாயில் இன்னோர் ஆள் போட்டால் ஆண்டுக்கு 594 கோடி ஆகும். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தரும் மாநிலம் இது. அதன் ஆண்டுச் செலவு 12,000 கோடியைத் தாண்டும். உரிமைத்தொகையை நிறுத்தச் சொல்லவில்லை. கைக்கு எட்டாத தொகை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். சிக்கல் இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டாவது ஆள் வந்த மறுமாதமே அவர் கையிலும் ஒரு செயலி, ஒரு கணக்கெடுப்பு, ஒரு வாக்காளர் படிவம் வந்து சேரும். எனவே நியமன ஆணையிலேயே அவருக்குப் பிள்ளைகளைத் தவிர வேறு பணி கிடையாது என்று எழுதி, மாவட்ட ஆட்சியர் நினைத்தாலும் மாற்ற முடியாதபடி செய்யவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் ஆளை மட்டும் போட்டால், பதினொரு மணிக்கு வாசலில் இருவர் சிக்னல் தேடுவார்கள்.