ஐந்து குழந்தைகள் வந்தால்

குழந்தையைக் காப்பகத்தில் விடுவது பற்றித் தமிழில் வரும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வாசகியை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. அவளுக்கு மாதச் சம்பளம் உண்டு. கழிப்பறை சுத்தமா, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா என்று நாலு இடம் ஏறி இறங்கிப் பார்க்க நேரம் உண்டு. முதல் வாரம் குழந்தையோடு கூடவே உட்கார்ந்திருக்க விடுப்பும் உண்டு. நானும் அந்த வாசகிதான். கள்ளக்குறிச்சியில் என் மகளை முதன்முதலாக ஒரு தனியார் மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நின்றபோது, "நீங்க போங்கம்மா, பழகிடும்" என்றார்கள். பழகியது. ஆனால் அந்தப் "பழகிடும்" என்ற சொல் எனக்கு இன்னும் பழகவில்லை. குழந்தை பழக வேண்டும், அம்மா மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறவர்கள், அப்பாவோ முதலாளியோ அரசோ எதற்குப் பழக வேண்டும் என்று எழுதுவதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலேறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களில் இந்த அறிவுரையை வைத்துப் பாருங்கள். மரவள்ளிக் கொல்லையில் களை எடுக்கப் போகிறவளுக்குத் "தேர்வு" என்பது என்ன? குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போகலாம், மரக்கிளையில் ஏணை கட்டித் தொங்கவிடலாம், கிழவியிடம் விடலாம், மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தலாம். நான்காவதை எந்தக் கணக்கெடுப்பும் குழந்தைக் காப்பகம் என்று எழுதிக்கொள்ளாது. அது "இடைநிற்றல்" என்ற வேறு பத்தியில் போய்விடும். ஒரு சிறுமியின் கல்வியைச் செலவழித்து நடக்கும் காப்பகம் அது. அங்கே ஒரு பிள்ளைக்கு ஓர் ஆயா. ஆயாவுக்கு வயது ஒன்பதோ பத்தோ.

நம் சட்டங்களைச் சட்டமாகப் படிக்காமல், ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோலப் படித்தால் அவற்றின் கற்பனை தெரிந்துவிடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, 30 பெண் தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்று இருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் அல்லது அவர்களுடைய 20 குழந்தைகள் என்று எண்ணியது. ஆண்களுக்குப் பிள்ளை கிடையாது போலிருக்கிறது. 30 பெண்களோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்ற கணக்கை முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த எண்கள்தான். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொஞ்சம் முன்னேறி, 50 ஊழியர்கள் என்று ஆண் பெண் பிரிக்காமல் எண்ணியது. நல்லது. ஆனால் அதே பிரிவில் அடுத்த வரி, காப்பகத்துக்கு நாளைக்கு நான்கு முறை போய்வர அனுமதி யாருக்கு என்று சொல்லும்போது, "பெண்ணுக்கு" என்று முடிக்கிறது. அப்பா ஒருமுறைகூட எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். வேலைக்கு வரும் பெண்களோடு 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரையே கூலி கொடுத்துப் பார்த்துக்கொள்ள வைக்க வேண்டும் என்றது அது. பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய இடம். அதற்காகவே அந்த வரியைக் கொண்டாடலாம். ஆனால் குழந்தைகள் முதலில் வெயிலில், வெட்டிய ஏரிக்கரையில் வந்து நிற்க வேண்டும். ஐந்து பேர் சேர வேண்டும். பிறகுதான் நிழலுக்கு ஏற்பாடு. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தானே அழைத்து வருவாள்? நான்கு பிள்ளைகள் வந்த நாளில் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

வயதுக் கணக்கும் இப்படித்தான். தமிழ்நாட்டில் அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் நிறுவனப் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம். கரும்பு வெட்டுகிறவளுக்கு உடம்பு தேறும்வரை, அதாவது கையில் காசு தீரும்வரை. அங்கன்வாடியில் பிள்ளையை உட்கார வைப்பதோ 2 வயதில். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தை யாருடைய பொறுப்பு? 2022இல் ஒன்றிய அரசு அறிவித்த பால்னா திட்டம் 6 மாதம் முதலான குழந்தைகளுக்கு, நாளுக்கு ஏழரை மணி நேரம், அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம் என்கிறது. மலைக்கு முதலில் வந்திருக்க வேண்டிய திட்டம் அது.

இதையெல்லாம் அங்கன்வாடி ஊழியரின் தலையில் ஏற்றிவிட்டுப் பேசுவது பெண்ணியவாதிகளாகிய நம்மிடமும் உள்ள கெட்ட பழக்கம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அவரை வெகுகாலம் சேவகி என்றே பார்த்தது. அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. எடை பார்க்க வேண்டும், செயலியில் பதிவேற்ற வேண்டும், வாக்காளர் பட்டியல் சரிபார்க்கவும் போக வேண்டும். இவற்றுக்கு நடுவே, புதிதாக வந்து அழும் இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்க அவருக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும்? மே மாதம் விடுமுறை வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, "அப்போ எங்க பிள்ளைங்க?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இரண்டு பெண்களின் உழைப்பை மோதவிட்டு அரசு ஒதுங்கி நிற்பதை நானே அந்தக் கேள்வியால் எளிதாக்கிக் கொடுத்தேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய், ஒருவரை இழந்தோருக்கு 3 லட்சம் என்று அரசு அறிவித்தது. வேண்டிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணவனை இழந்த பெண் மறுநாள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். விடியற்காலை முதல் பொழுது சாயும்வரை அவளுடைய கைக்குழந்தையை யார் வைத்திருப்பது என்பதற்கு அந்த அறிவிப்பில் ஒரு வரி இல்லை. சாராயத்தைப் பற்றி அந்த மாதம் எல்லாரும் பேசினோம். மலையைக் குற்றவாளியாக்கியும் பேசினோம். அந்தத் தெருவில் ஒரு காப்பகம் திறங்கள் என்று நான் உட்பட ஒருவரும் கேட்டதாக நினைவில்லை.