தட்டில் வளரும் கல்லீரலும் நொய்யலின் உப்பும்

மீனைக் கொல்லாமலே நீரின் நச்சை அளக்கலாம் என்பதால், மீனின் கல்லீரல் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துச் சோதிக்கும் முறையே திருப்பூர்ச் சாயக்கழிவுக்கும் போதும் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. அம்முறைக்குரிய சிறப்பை மறுக்க வேண்டியதில்லை. ரெயின்போ ட்ரவுட் மீனின் கல்லீரல் செல்கள் ஒரு வேதிப்பொருளை எவ்வளவு விரைவில் சிதைக்கின்றன என்று அளக்கும் முறையை பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 2018-இல் ஏற்றது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீது குழுவினர் தோல் பதனிடும் கழிவைக் கரிமீனின் செல்களில் சோதித்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். எனினும், முழு மீனிலும் அதே கழிவைச் சோதித்து ஒப்பிட்டதனால்தான் அம்முடிவுகளுக்கு மதிப்பு வந்தது.

திருப்பூரின் முதன்மைச் சிக்கல் உப்பு. பருத்தித் துணியில் அடர்நிறச் சாயம் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு இடப்படுகிறது. கடல்நீரிலேயே ஏறத்தாழ 35 கிராம்தான் உண்டு. துணியில் ஒட்டாத இந்த உப்பே நொய்யல் ஆற்றின் வழியாக ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, ஆயக்கட்டு விவசாயிகளை நீதிமன்றம் ஏற வைத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அவ்வழக்கு வளர்ந்தது.

உயிருள்ள மீனில் இந்த உப்பை முதலில் எதிர்கொள்பவை செவுளும் சிறுநீரகமும். அவை சீர்செய்த இரத்தமே கல்லீரலைச் சேர்கிறது. தட்டிலுள்ள செல்லுக்கோ அந்தக் காவல் இல்லை. இரத்தத்தின் உப்புச்செறிவை ஒத்த வளர்ப்பு ஊடகத்தில், அதாவது செல்களுக்கு ஊட்டம் தரும் கரைசலில், மட்டுமே வாழும் அதன்மீது சாயத்தொட்டி நீரை அப்படியே ஊற்றினால், செல் நீரிழந்து சுருங்கி, தட்டின் பிடிவிட்டு மிதக்கும். கல்லீரலுக்கு நேராத ஒரு மரணமே அங்கே பதிவாகும். இதைத் தவிர்க்க, கழிவைப் பிசின் நிரப்பிய குழலில் செலுத்தி, அதில் ஒட்டும் கரிமப் பொருள்களை மட்டும் பிரித்துச் செல்களுக்குக் கொடுக்கும் வழியும் உண்டு. அப்போது உப்பு முழுவதும் கழுவுதொட்டியில் போய்விடுகிறது. முதல் வழியில் கிடைக்கும் எண் பொய். இரண்டாம் வழியில் கிடைக்கும் எண் திருப்பூரைப் பற்றியதே அன்று.

சாயத்தின் கரிமப் பகுதியை ஆராய இந்தச் செல்கள் உதவட்டும். ஆனால் கழிவுநீரில் நாள்கணக்கில் வாழ்ந்த மீனையும், அந்நீர் பாய்ந்த வயலின் மண்ணையும் பாராமல் தட்டின் எண்ணை மட்டும் சான்றாக ஏற்பது, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தில் வைத்த புகாரை ஆய்வின் முதல் படியிலேயே வடிகட்டி எறிவதாகும்.