மண்ணும் மேடையும்: தாரா சிங்கை எந்தக் கோலால் அளப்பது?

1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார் தாரா சிங். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. தெஸுக்கு ஐம்பத்திரண்டு. ஐம்பதைத் தாண்டியவரை வென்றதில் என்ன பெருமை என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அதைவிடக் கடுமையான கேள்வி இன்னொன்று உண்டு: தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது வழக்கமாயிற்றே, அதில் வெற்றிக்கு என்ன மதிப்பு?

நியாயமான கேள்விதான். டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்காக நடக்கும் தொழில் அது. இன்று தோற்பவர் அடுத்த வாரம் அடுத்த ஊரில் மீண்டும் எழுந்து வரவேண்டும். ஆகவே தாரா சிங் ஐந்நூறு பந்தயங்களில் தோல்வியே காணாதவர் என்று சொல்லப்படும் கணக்கை வைத்துக்கொண்டு அவரை அளக்க முடியாது. வேறு ஒரு கோல் வேண்டும். மேடையில் நிற்கும் இந்த உடம்பு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் மண் கோதாவில் இறங்கினாலும் நிற்குமா? மல்லர்கள் ஒருவரை ஒருவர் அளந்தது அந்தக் கோலால்தான். தெஸும் அப்படித்தான் அளந்தார். தாரா சிங் அசலான மல்லர், உடம்பைப் பிரமாதமாக வைத்திருந்தவர் என்பது அவர் கருத்து.

தெஸின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வரக் காரணம் அவர் கற்ற இடம். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ஆட் சான்டல். எதிராளியின் மூட்டைப் பூட்டிச் செயலிழக்க வைக்கும் பிடிகளில் பேர்போனவர். அந்தச் சான்டலை 1921ல் சான் பிரான்சிஸ்கோவில் தோற்கடித்தவர் கல்கத்தாக்காரரான கோபர் குகா. ஜதீந்திர சரண் குகா என்பது இயற்பெயர். அகாடா எனப்படும் வங்காள மல்யுத்தக் கூடங்களின் பிள்ளை அமெரிக்க மண்ணில் உலகப் பட்டம் வென்ற கதை அது. ஆசிரியரை ஓர் இந்தியர் வென்றார். நாற்பத்தேழு ஆண்டு கழித்து மாணவரை இன்னொரு இந்தியர் வென்றார். மல்யுத்தத்தில் பரம்பரைகள் இப்படித்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன.

வட இந்தியப் பரம்பரைகளில் தலையாயது பஞ்சாப். அதன் உச்சம் காமா. 1878ல் அமிர்தசரஸ் பக்கம் பிறந்த குலாம் முகமது பக்ஷ் என்னும் காமாவின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. ஏழடியைத் தொடும் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு பதினேழு வயதில் மோதி, தோற்காமல் சமனில் முடித்தபோது இந்துஸ்தானமே திரும்பிப் பார்த்தது. 1910ல் தம்பி இமாம் பக்ஷோடு லண்டன் போனார். குள்ளமாக இருக்கிறார் என்று போட்டியில் சேர்க்கத் தயங்கினார்கள். எந்த எடைக்காரராக இருந்தாலும் சரி, அரை மணி நேரத்தில் மூன்று பேரைத் தூக்கி எறிகிறேன் என்று சவால் விட்டார். அமெரிக்க மல்லரும் மருத்துவருமான பெஞ்சமின் ரோலர் வந்து தோற்றார். செப்டம்பர் 10 அன்று போலந்துக்காரரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ எதிரே நின்றார். நின்றார் என்பதைவிடக் கிடந்தார் என்று சொல்லலாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தே தப்பித்தார். மறுவாரம் வைத்த மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. பட்டம் காமாவுக்குப் போனது. 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் இருந்தது.

இந்த இரண்டு பந்தயங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நம் மரபின் விதியை விளக்குகிறது. நேரக் கணக்கு இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை. எதிராளியை மல்லாத்தி இரண்டு தோளும் மண்ணில் படச் செய்தால் வெற்றி. குப்புறக் கிடப்பவன் இன்னும் தோற்கவில்லை. லண்டனில் ஸ்பிஸ்கோ பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். பின்னாளில் வந்த ஒலிம்பிக் விதிகள் அப்படிப் பதுங்குபவனைத் தண்டித்து அவன் எதிராளிக்குப் புள்ளி கொடுக்கின்றன.

மராட்டியத்தில் கோலாப்பூர் இன்னொரு பெரும் பள்ளி. சாகு மகாராஜா கட்டிய காஸ்பாக் மைதானத்தின் நடுவே இருப்பது சிவந்த மண் கோதா. 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கம் கொண்டுவந்த கே.டி. ஜாதவ் அந்த மாநிலத்துச் சாதாரா மாவட்டத்துக்காரர். டில்லியில் குரு ஹனுமானின் அகாடா உண்டு. மைசூரில் தசராவுக்குக் குஸ்தி நடத்துவது அரண்மனை மரபு. கேரளத்தில் கட்டா குஸ்தி என்றொரு முரட்டு வகை. 2022ல் அதே பெயரில் வந்த தமிழ்ப் படத்தால் அந்தப் பெயர் நம் பக்கத்து இளைஞர்களுக்கும் தெரியும். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வடக்கத்திப் பயிற்சி முறைகளும் அவற்றின் சொற்களும் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தன. வஸ்தாது, பயில்வான், கோதா, தண்டால், பஸ்கி எல்லாம் இன்று நம் வீட்டுச் சொற்கள்.

பள்ளிகள் பலவானாலும் பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். விடிவதற்கு முன் பிள்ளைகள் முதலில் செய்வது மண்வெட்டியால் கோதாவைக் கொத்திக் கிளறுவது. தோள், முதுகு, இடுப்பு மூன்றுக்கும் அதுவே முதல் பயிற்சி. கல்லும் வேரும் பொறுக்கிய மண்ணில் மஞ்சள்தூள், எண்ணெய் அல்லது நெய், சில ஊர்களில் மோரும் கலந்து பக்குவப்படுத்துவார்கள். விழுந்தால் வலிக்காத அளவு இளக்கம், கால் வழுக்காத அளவு இறுக்கம், இரண்டும் சேர்ந்து வரவேண்டும். வெயிலில் காய்ந்தால் நீர் தெளித்து மறுபடி கொத்தவேண்டும். பிறகு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. காமா தினம் மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் எடுத்தார் என்பார்கள். எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம், அந்தத் தொடைகளின் புகைப்படங்கள் பொய் சொல்லவில்லை. பிடிக்கு இறங்குமுன் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மண் தூவிக்கொள்வார்கள். வியர்வையில் கை நழுவாமல் இருக்க அது உதவும். மரியாதையும் அதில் உண்டு.

இந்த மண்ணில் விளைந்தவர்தான் தாரா சிங். 1928 நவம்பர் 19 அன்று அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1947ல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனார். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறிய காலம் அது. டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்நாம் சிங் என்ற வஸ்தாதுவிடம் பயிற்சி எடுத்தார். கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்காக்களில் ஒரு பக்கம் நாடகம், ஒரு பக்கம் சினிமா, இன்னொரு பக்கம் குஸ்தி. சீனர், மலாய்க்காரர், தமிழர், பஞ்சாபியர் எல்லாரும் ஒரே கொட்டகையில் கூடிக் கூச்சல் போட்ட இடங்கள். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்றதும் மலேயாவின் சாம்பியன் ஆனார்.

கிங்காங்கைப் பற்றிச் சொல்லாமல் தாரா சிங்கைப் பற்றிச் சொல்ல முடியாது. எமில் சாயா என்பது அவர் இயற்பெயர். அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். இருநூறு கிலோவை நெருங்கும் உடம்பு, கழுத்தை மூடும் தாடி. தாரா சிங்கின் எடை சுமார் நூற்று முப்பது கிலோ. அந்த மலையை இவர் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி எறிந்த காட்சி 1950களில் இந்தியக் கூட்டத்தைப் பித்துப் பிடிக்க வைத்தது. விழுவதற்குக் கிங்காங் ஒத்துழைத்திருக்கலாம். ஆனால் ஒத்துழைக்கும் இருநூறு கிலோவும் இருநூறு கிலோதான். அதைத் தூக்கும் முதுகெலும்பு ஒப்பந்தம் போட்டு வருவதில்லை. இருவரும் பகைவர்களாக மேடையில் உறுமினார்கள், சேர்ந்தே பல நாடுகளில் தொழில் செய்தார்கள். கிங்காங் 1970ல் சாலை விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் இறந்தார்.

1954ல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-ஏ-ஹிந்த், 1959ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். 1962ல் ‘கிங் காங்’ என்ற இந்திப் படத்தின் கதாநாயகன். 1980களின் பின்பாதியில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரில் அனுமன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடிப்போன அந்த நாட்களில், இந்தி புரியாத தமிழ் வீடுகளிலும் அந்த அனுமனைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் உண்டு. 1983ல் டில்லியில் மல்யுத்தத்திலிருந்து ஓய்வு. 2003 முதல் 2009 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். 2012 ஜூலை 12 அன்று மும்பையில் மறைந்தார்.

சினிமா, பட்டம், பதவி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அவரிடம் ஒன்று மிஞ்சுகிறது. மேடையில் அவர் வில்லத்தனம் செய்து கைதட்டல் வாங்கியவர் அல்ல. கூச்சல் குறைவு, பிடி அதிகம். பிற்காலத்தில் தி கிரேட் காளி 2007ல் அமெரிக்காவின் பெரிய பட்டம் ஒன்றை வென்றார். பஞ்சாபி வம்சாவளியினரான ஜிந்தர் மஹால் 2017ல் இன்னொன்றை வென்றார். இருவரும் உழைப்பாளிகள், உலகப் புகழ் பெற்றவர்கள். ஆனால் மண் கோதாவின் கோலை வைத்தால் தாரா சிங்குக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்த முடியாது. காளியின் பலம் உயரம். தாரா சிங்கின் பலம் பயிற்சி.

பெண்களைச் சேர்க்காமல் இந்த மரபின் கணக்கு முழுமையாகாது. தாரா சிங் ருஸ்தம்-ஏ-ஹிந்த் ஆன அதே 1954ல், என்னைத் தோற்கடிப்பவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சவால் விட்டிருந்த ஹமீதா பானு, பரோடாவில் பாபா பயில்வானை ஒரு நிமிஷம் 34 வினாடியில் வீழ்த்தினார். ஆண்களோடு மோதியதற்காகக் கல்லெறியும் வசையும் வாங்கியவர். 2016ல் சாக்ஷி மாலிக் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கும் வரை இந்தியப் பெண் மல்லருக்கு அந்தப் பதக்க மேடை கிடைக்கவில்லை.

கீரனூரில் வெளிவரும் மலரில் பஞ்சாபியரைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். இங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது உறையூர். அங்கே ஆண்ட தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூறு பாடுகிறது. சாத்தந்தையார் பாட்டில் ஒரு கால் மார்பில் மண்டியிட்டு அழுத்த, மறுகால் எதிராளியின் தந்திரத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறது. பிடியை அருகில் நின்று பார்த்தவரின் வருணனை அது. நக்கண்ணையார் என்னும் பெண் புலவர், வென்றது அவன்தான் என்று ஒரு சாராரும் இல்லை என்று ஒரு சாராரும் வழக்காடும்போது, சிலம்பொலிக்க ஓடிப்போய்ப் பனைமரத்தில் சாய்ந்து நின்று தன் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரசிகருக்கும் முடிவைத் தானே பார்க்கவேண்டும்.

அந்தக் கண் இந்தப் பகுதிக்காரர்களுக்கு இன்றும் இருக்கிறது. விராலிமலையிலும் தச்சங்குறிச்சியிலும் வாடிவாசல் முன்னே நிற்கும் பெரியவர், திமிலை அணைத்தானா, வாலைப் பிடித்தானா என்பதைக் கண்சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடுவார். மாடு எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்த்து அவர் யாரையும் வீரன் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். அவரிடம் தாரா சிங்கின் பழைய படச்சுருளைக் காட்டினால், எது பிடி, எது நடிப்பு என்று பிரித்துக் காட்ட அவருக்கு வெகுநேரம் ஆகாது.

புதுக்கோட்டைக்கு இன்னொரு உரிமையும் உண்டு. ‘உத்தம புத்திரன்’, ‘ஜகதலப்பிரதாபன்’ படங்களின் நாயகனான பி.யு. சின்னப்பா இந்த ஊர்க்காரர். பாட்டோடு சிலம்பமும் குஸ்தியும் பளு தூக்குதலும் பழகியவர். திரையில் அவர் வாள் சுழற்றியபோது கூட்டம் நம்பியதற்கு அந்தப் பழக்கமே காரணம். 1951ல் முப்பத்தைந்து வயதில் அவர் மறையாதிருந்தால், இந்திக்கு ஒரு தாரா சிங் கிடைத்ததுபோல் தமிழுக்கும் உடம்பும் கலையும் சேர்ந்த ஒருவர் நெடுநாள் நிலைத்திருப்பார்.

இன்று கீரனூர் வட்டாரத்தில் சிலம்பம் கற்றுத்தர ஆள் உண்டு, காளை அடக்கப் பிள்ளைகள் உண்டு. மல்யுத்தத்துக்கும் வழி செய்யலாம். போட்டி விரிப்பு பன்னிரண்டு மீட்டர் சதுரம், அதில் மோதும் வட்டம் ஒன்பது மீட்டர் விட்டம். மூன்று மூன்று நிமிஷமாக இரண்டு சுற்று. விரிப்பு விலை கூடிய சரக்கு, அது பிறகு வரட்டும். தொடக்கத்துக்குப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில், மேலே கூரை போட்ட, நன்றாகச் சலித்த மண் நிரப்பிய ஒரு கோதா போதும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கலாம். முறையாகக் கற்ற பயிற்சியாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். முதல் ஆறு மாதம் பந்தயமே கூடாது. கழுத்தைப் பலப்படுத்துவதும், அடிபடாமல் விழக் கற்பதும், மண்ணைக் கொத்துவதும்தான் அந்த ஆறு மாதத்துப் பாடம்.