எந்த வாய்?

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் 'தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப' மாற்றிப் பட்டியல் வெளியிட்டது. சில நாட்களில் திரும்பப் பெற்றது. கேலி முழுக்க 'வீலூர்' மாதிரியான கூத்துகளைப் பற்றியே இருந்தது. தமிழ் உச்சரிப்பு என்றால் யாருடைய உச்சரிப்பு என்று, நான் பார்த்தவரை, நம்மாட்கள்கூட உரக்கக் கேட்கவில்லை.

எங்க வீட்டில் தின்னவேலிதான். அம்மா ஒருநாளும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறியதில்லை. 'திரு'வின் 'ரு' விழுகிறது. அடுத்த நகரம் இரட்டிக்கிறது. நெல்லின் 'ல்' வகரத்தின் முன் கரைகிறது. இது கொச்சையல்ல, அந்த வட்டார வாய் ஒழுங்காகச் செய்யும் வேலை. வெள்ளைக்காரன் எழுதிய 'டின்னவெலி' இந்த வாயைக் கேட்டு எழுதியது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட மாவட்ட வரலாற்றின் தலைப்பிலும் அதுதான். வரி வாங்கவும் வரைபடம் போடவும் கேட்டான், பிரியத்தால் அல்ல. ஆனாலும் காலனியச் சிதைவென்று நாம் தூக்கியெறிந்ததற்குள் அம்மாவின் குரலும் இருந்தது. நாம் மீட்டெடுத்தது ஏட்டின் பெயரை.

இதைச் சூத்திரமாக்கிவிடவும் முடியாது. கோயமுத்தூர் என்கிற வாய் ஆங்கிலேயன் எழுதிய பெயரிலும் இல்லை, 2020 பட்டியலிலும் இல்லை. முன்னதில் 'ம்ப', பின்னதில் 'ம்பு'. சென்னையிலோ ஷேர் ஆட்டோக்காரர் 'எக்மோர், எக்மோர்' என்றுதான் கூவுகிறார். அந்தத் தொண்டையில் அது எப்போதோ தமிழாகிவிட்டது. பட்டியல் அதையும் எழும்பூராக்கப் பார்த்தது, ழகரத்தோடு. தெற்கே ளகரமாகவும் வடக்கே சில வாய்களில் யகரமாகவும் ஒலிக்கிற ழகரம். ழ வராதவர்களை மேடையில் நையாண்டி செய்வது நம் தமிழ்ப்பற்றின் பழைய பொழுதுபோக்கு!

ஒரு நேர்முகத் தேர்வில் ஊரைக் கேட்டார்கள். 'தின்னவேலி பக்கம் சார்' என்றேன். 'திருநெல்வேலின்னு சொல்ல வராதா?' என்றார் எதிரே இருந்தவர். திருத்திச் சொன்னேன். வேலை கிடைத்தது.

அவரைக் குறை சொல்லி என்ன? நம்முடைய வட்டாரக் கதைகளை எடுத்துப் பாருங்கள். பாத்திரம் பேசும்போது மேற்கோள்குறிக்குள் தின்னவேலி. குறி மூடியதும் கதைசொல்லி திருநெல்வேலிக்குத் திரும்பிவிடுகிறான். வாய் பாத்திரத்துக்கு, அறிவு கதைசொல்லிக்கு என்கிற பாகப்பிரிவினை இது. அந்தக் குறி ஒரு வேலி. நானும் போட்டவன்தான். என் பழைய கட்டுரைகளில் 'நெல்லை' என்றுகூட எழுதியிருக்கிறேன். எங்க தெருவில் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.